உப்பும் புகையும் வான்கோழியும்

செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே 5 கிலோ எடையுள்ள வான்கோழியை உப்பு நீரில் ஊறவைத்து, முழுதாகப் புகையில் வேகவைக்கப் போகிறார்கள். இதுவே முதல் தடவை. உப்பு நீர்ப் பாத்திரத்தை இரவு முழுவதும் திண்ணையில் வைக்கலாமா என்று ஒரு கேள்வி எழுகிறது. "உப்புக்கண்டம் வெயிலில் தொங்கியும் கெடுவதில்லையே! உப்பில் கிடப்பது எப்படியப்பா கெடும்?" என்கிறார் பாட்டி.

இது நல்ல கேள்வி. விடையைத் தேடுவோமா?

உப்புக்கண்டத்தை எப்படிச் செய்கிறார்கள்? ஆட்டிறைச்சியை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் பல நாள் உலர்த்துகிறார்கள். உப்பு இறைச்சியிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சியதை வெயிலும் காற்றும் போக்குகின்றன. நீரின்றிப் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. ஆகவே உப்புக்கண்டம் கெடுவதில்லை. இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் செய்யப்படும் மாசியும் இத்தகையதே. சூரை மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்துகிறார்கள்.

வான்கோழிக்கு உப்பு செய்யும் வேலை வேறு. ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு என்றால் கரைசல் ஏறத்தாழ 6 விழுக்காடு. கடல்நீரில் சுமார் 3.5 விழுக்காடு உப்பு உண்டு. இந்த அளவு உப்பு இறைச்சிக்குள் புகுந்து, மயோசின் முதலிய தசைப் புரதங்களைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதங்கள் நீரைப் பிடித்து வைக்கின்றன. அதனால் வெந்த பிறகும் இறைச்சி வறளாமல் மென்மையாக இருக்கிறது.

பார்த்தீர்களா? அங்கே நீரை வெளியேற்றிய அதே உப்பு இங்கே நீரைத் தங்க வைக்கிறது. நீர் தங்கினால் பாக்டீரியாவும் தங்கும். தக்க வெப்பநிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. அப்படியானால் ஒன்று, 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும்! ஆகவே ஊறும் 12 மணி நேரமும் பாத்திரம் குளிர்ப்பெட்டியில், 4° சென்டிகிரேடுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது பருமன். உப்பு ஊடுருவுவதற்கு ஒரு விதி உண்டு. ஆழம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். 1 செ.மீ. செல்ல 3 மணி நேரம் எனக் கொண்டால், 2 செ.மீ. செல்ல 12 மணி, 4 செ.மீ. செல்ல 48 மணி ஆகும். வெப்பம் உள்ளே பரவுவதும் ஏறத்தாழ இவ்விதிப்படியே. மெல்லிய துண்டுக்குப் போதுமான நேரம் முழுப் பறவைக்குப் போதாது.

புகை என்ன செய்கிறது? மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து பீனால் சேர்மங்களைத் தருகிறது. மணம் இவற்றால் வருவது. இவை நுண்ணுயிர்களையும் ஓரளவு தடுக்கும். ஆனால் மேற்பரப்பில் மட்டுமே! உள்ளே காப்பது வெப்பந்தான். புகையறை 110° முதல் 120° வரை இருந்தால் 5 கிலோ பறவைக்கு 5, 6 மணி நேரம் ஆகலாம். மார்பின் தடித்த பகுதியும் தொடையின் உட்பகுதியும் 74° அடைய வேண்டும். அப்போதுதான் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அழியும்.

நிறத்தை நம்பாதீர்கள். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளால் வெந்த இறைச்சியும் இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். சமையல் வெப்பமானியால் அளப்பதே சரி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவு சுமார் 42° வரைதான்.

செய்து பாருங்கள்: வேகவைத்த உருளைக்கிழங்கில் 1 செ.மீ., 3 செ.மீ. பக்கமுள்ள கனசதுரங்களை வெட்டி, நீல மைக் கரைசலில் 2 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு குறுக்கே வெட்டுங்கள். இரண்டிலும் மை ஏறத்தாழ ஒரே ஆழமே சென்றிருக்கும். சிறியதில் நடுவே சிறிதளவே வெள்ளை எஞ்சும். பெரியதிலோ பெரும்பகுதி வெள்ளை. (பிறகு இவற்றை எறிந்துவிடுங்கள். தின்னக் கூடாது.)

அந்த வெள்ளைப் பகுதியைப் பாட்டியிடம் காட்டுங்கள். பாத்திரத்தைத் திண்ணையில் வைக்கக் கூடாது என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.