அயோடினும் கருவின் மூளை வளர்ச்சியும்

தெற்கு அந்தமானில், 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தைச் சார்ந்த டாலிகஞ்சிலிருந்து சிறிது தொலைவு சென்றாலே கடலைக் காணலாம். கடல் சூழ்ந்த இடத்தில் அயோடின் குறைவுபடாது என மக்கள் எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் சரியன்று. கடல்நீர் வற்றி உப்புப் படிகமாகும்போது அயோடின் அதனுடன் மிகச் சொற்பமாகவே தங்குகிறது. பெருமழை பெய்யும் நிலத்தில் மண்ணிலுள்ள அயோடினும் கரைந்து போய்விடுகிறது. கடல்மீன் உண்போர் ஓரளவு பெறுவது உண்மையே. ஆயினும் கருவுற்ற தாய் அதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. அதன் காரணத்தைக் கருவின் மூளையில் காணலாம்.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி தைரோகுளோபுலின் என்னும் பெரும் புரதத்தை ஆக்குகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலி. அம்மணிகளுள் டைரோசின் எனப்படுவனவற்றில் சிலவற்றின்மீது ஒரு நொதி அயோடின் அணுக்களைப் பொருத்துகிறது. இவ்வாறு மாறிய இரு டைரோசின்கள் இணைந்து தைராக்சின் ஆகின்றன. பின்னர்ப் புரதம் சிதைக்கப்பட்டு, தைராக்சின் இரத்தத்தில் கலக்கிறது. அதில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. மூளையிலுள்ள துணை உயிரணுக்கள் அவற்றுள் ஒன்றை நீக்கிய பின்னரே ஹார்மோன் முழு வீரியம் பெறுகிறது.

இனி நரம்பணுவின் உட்கருவினுள் நிகழ்வதை நோக்குவோம். அங்கு மரபிழை ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மீது சுற்றப்பட்டுள்ளது. அதனருகே, ஹார்மோனின் செய்தியை ஏற்கும் மற்றொரு புரதம் அமர்ந்திருக்கிறது. ஹார்மோன் வராதபோது இவ்வேற்பி, ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதிகளைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. இழை இறுகி, மரபணு அடங்கிக் கிடக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அந்நொதிகள் விலகி, அசெட்டைல் சேர்க்கும் நொதிகள் கூடுகின்றன; இழை தளர்ந்து மரபணு தொழிற்படுகிறது. ஆகவே ஹார்மோன் குறைந்தால் மரபணு பூட்டியே வைக்கப்படுகிறது எனலாம். நரம்பணுக்கள் தத்தம் அடுக்கிற்கு இடம்பெயர்வதும், நரம்பிழைகளின்மீது மயலின் உறை படிவதும் இச்செய்தியைப் பெரிதும் சார்ந்தவை.

கருவின் தைராய்டு ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில்தான் அயோடினை ஈர்க்கத் தொடங்குகிறது. அது போதிய அளவு சுரப்பதற்குள் கருக்காலத்தில் ஏறக்குறையப் பாதி கழிந்துவிடும். அதுவரை தாயின் ஹார்மோனே கருவுக்கு ஆதாரம்.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியது காங்க்ரா பள்ளத்தாக்கு ஆராய்ச்சி. அந்நாளில் பஞ்சாபைச் சேர்ந்திருந்த அப்பகுதியில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் 1956-இல் பணி தொடங்கினர். மூன்று வட்டாரங்களுள் இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முன்னிரண்டிலும் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது.

கழலை கண்ணுக்குத் தெரியும். மூளைக் குறையோ அவ்வாறு அன்று. கருவின் மூளைக்கு அயோடின் எப்போது வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் 1966-இல் தொடங்கிய சோதனை. குடும்பங்களுள் ஒன்றுவிட்டு ஒன்றிற்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போடப்பட்டது. ஊசி பெறாத தாய்மார்க்குப் பிறந்த 534 குழந்தைகளுள் 26 பேர் செவிப்புலனும் பேச்சும் நடையும் குன்றிய கிரெட்டினிச நிலையினர். ஊசி பெற்றோரின் 498 குழந்தைகளுள் அத்தகையோர் 7 பேரே. அவர்களுள் 6 பேரின் தாய்மார் ஊசி போடும்போதே கருவுற்றிருந்தனர். கருவுற்ற பின் அயோடின் அளிப்பது பல வேளைகளில் காலங்கடந்ததாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெரியவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கருவுற்றோர்க்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. வீட்டில் பயன்படும் உப்பில் பத்து இலட்சம் பங்கிற்கு 15 பங்கேனும் இருத்தல் வேண்டும். அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்பது 2006 மே முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் ஈரக்காற்று மிகுந்த தீவுகளில் உப்பைத் திறந்து வைத்தால் அயோடின் குறையக்கூடும். ஆகவே மூடியுள்ள கலத்தில், அடுப்பிலிருந்து விலக்கி வைத்தல் நலம். சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகும். இதனை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். பிள்ளைகள் தத்தம் வீட்டு உப்பைக் கொண்டுவந்தால் பயன் மிகுதி. களப்பணியாளர்கள் புதிதாக மணமான பெண்கள் உள்ள வீடுகளை முதலில் நாடுதல் வேண்டும்.

உப்பு செவ்வையாயிருந்தும் தைராய்டு சரிவர அமையாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் இதனை அறியலாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலோர் இயல்பாகவே வளர்வர்.