கோட்டைச் சுவரில் பெயர் கீறலாமா?

கேள்வி: சங்ககிரிக் கோட்டை, நாமக்கல் கோட்டை இரண்டிலும் நீலப் பலகை பார்த்தேன். 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்றால் என்ன பாதுகாப்பு?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: அவை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும்தான் அந்தப் பலகைக்குப் பலம். நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வாங்க வேண்டும். மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சிரமம்தான். ஆனால் பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். பலர் இதை அறியாமலே தவிக்கிறார்கள்.

நாமக்கல்லில் மேலே ஏறுமுன் கீழே நில்லுங்கள். ஒரே பாறையின் மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர். இரண்டும் அதியர் குல மன்னன் குணசீலன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டளவில் குடைந்தவை. கல்வெட்டு அரங்கநாதர் குடைவரையை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்கிறது. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரின் வேகத்தைப் பார்த்தவருக்கு உளி பிடித்த கைகளை வணங்கத் தோன்றும்.

சங்ககிரியில் தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கோட்டைச் சுவரிலும் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருப்பதைக் காணும்போது வயிறு எரிகிறது. இதற்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உங்கள் ஊர் ஜங்ஷனிலிருந்து ஈரோடு மார்க்கத்தில்தான் சங்ககிரி. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். சுவரில் கீறக் கூடாது என்பதை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.