பரிசு வாங்கக் கார்டு எதற்கு?

ஜவுளிக்கடையில் கூப்பன் எழுதிப் போட்டோம். 'கோவா டூர் விழுந்திருக்கு, கணவன் மனைவி இரண்டு பேரும் ஏ.டி.எம். கார்டோடு ஓட்டலுக்கு வாங்க' என்று போன் வருகிறது. போகலாமா?
– ஒரு வாசகி, திருக்கோகர்ணம்

பரிசு கொடுக்கிறவருக்கு உங்கள் கார்டு எதற்கு அம்மா? மணிக்கணக்கில் பேசி, 'இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்' என்று லட்சக்கணக்கில் விலையுள்ள விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான். பராமரிப்புச் சந்தா தனி. பள்ளி லீவில் ரூம் கேட்டால் 'ஃபுல்' என்பார்கள். மும்பை பேன்கார்டு கிளப்ஸ் நிறுவனம் இப்படி ஓட்டல் தங்கலைக் காட்டியே 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட்டது. போகாதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே ரத்துக் கடிதத்தைப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையா? பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.