கியர் ஆயில் மாற்றுவோம்

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திருப்பதியிலிருந்து திருமலைக்கு மலைப்பாதை போகிறது. இந்த மலைக்கு இரண்டு சாலைகள் உண்டு. பழைய சாலை 1944ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இப்போது அது வண்டிகள் இறங்கும் பாதை. ஏறுவதற்குப் பிறகு போட்ட புதிய சாலை உள்ளது. இரண்டிலும் வளைவுகள் அதிகம்.

மலை ஏறும்போது கார் சிறிய கியரில் போகும். இறங்கும்போதும் சிறிய கியரில்தான் வர வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். அதனால் மலைப்பாதையில் கியர் உயிரைக் காப்பது.

அந்தக் கியரைக் காப்பது எது? கியர் ஆயில்.

கியர் பாக்ஸுக்குள் பல் சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு சக்கரத்தின் பல் இன்னொரு சக்கரத்தின் பல்லைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கும். அது தேய்மானத்தைக் குறைக்கும். சூட்டையும் வாங்கிக்கொள்ளும். நாளானால் எண்ணெயின் சக்தி குறையும். இரும்புத் தூளும் அதில் சேரும். அப்போது எண்ணெயை மாற்ற வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். அடிக்கடி மலை ஏறும் வண்டிக்குச் சீக்கிரமே மாற்றுவது நல்லது.

சித்தூரில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் இருந்தார். வயது வந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர் அவர். ஒரு நாள் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்ற நினைத்தார். தெரிந்த மேஸ்திரியைத் துணைக்கு அழைத்தார்.

மேஸ்திரி ஆயில் டப்பாவைக் காட்டினார். “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கு? படி” என்றார்.

“80 டபிள்யூ 90. கீழே ஜி.எல். 5.”

“உன் வண்டிப் புத்தகத்தில் என்ன இருக்கு?”

ஓட்டுநர் புத்தகத்தைப் புரட்டினார். “80 டபிள்யூ 90 சரி. ஆனால் ஜி.எல். 4 என்று போட்டிருக்கு, மேஸ்திரி.”

“அப்படியானால் இது வேண்டாம். கடையில் கொடுத்து மாற்றி வா. ஜி.எல். 5 ஆயிலில் சேர்க்கும் மருந்து சில கியர் பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களை அரித்துவிடும். கியர் சரியாக விழாது. கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதே. நீயே படித்துப் பார்த்து வாங்கு.”

ஓட்டுநர் சரியான ஆயிலோடு வந்தார். பிறகு வேலை தொடங்கியது.

1. முதலில் காரைச் சில கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஆயில் வெதுவெதுப்பானால் சுலபமாக வடியும். சைலென்சர் குழாய் சூடாக இருக்கும். அதில் கை படக்கூடாது.

2. காரைச் சமமான தரையில் நிறுத்தினார்கள். ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்தார்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. செங்கல்லும் திடீரென்று நொறுங்கும். இதனால் உயிரே போகலாம்.

3. இந்தக் காரின் கியர் பாக்ஸில் இரண்டு போல்ட்டுகள் இருந்தன. மேலே இருப்பது ஆயில் ஊற்றும் போல்ட். கீழே இருப்பது ஆயில் வடிக்கும் போல்ட். ஓட்டுநர் கீழ் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். மேஸ்திரி தடுத்தார். “முதலில் மேல் போல்ட்டைக் கழற்று. அது துரு ஏறிக் கழலாமல் போனால் என்ன செய்வாய்? ஆயிலை வடித்துவிட்டால் புது ஆயில் ஊற்ற வழி இருக்காது. வண்டி அப்படியே நின்றுவிடும்.”

4. மேல் போல்ட் கழன்றது. பிறகு கீழ் போல்ட்டைக் கழற்றி, தட்டில் ஆயிலைப் பிடித்தார்கள். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புத் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

5. கீழ் போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடினார்கள். மிகவும் இறுக்கினால் மரை போய்விடும்.

6. புனலில் டியூப் மாட்டி, மேல் துளை வழியாகப் புது ஆயில் ஊற்றினார்கள். துளையின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கியதும் அளவு சரி. கார் சாய்ந்து நின்றால் இந்த அளவு தவறும். பிறகு மேல் போல்ட்டை மூடினார்கள்.

7. காரை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டினார்கள். நிறுத்தி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

எல்லாக் கார்களுக்கும் இதே அமைப்பு இருக்காது. வண்டிப் புத்தகம் சொல்வதே சரி.

மிஞ்சியது பழைய ஆயில். அதை ஓட்டுநர் வாய்க்காலில் கொட்டவில்லை. மண்ணில் ஊற்றினால் அது நிலத்தடி நீரைக் கெடுக்கும். மழை குறைந்த இந்தப் பகுதியில் கிணறும் போர் தண்ணீரும்தான் பலருக்கு ஆதாரம். எரித்தால் வரும் புகை நஞ்சு. எனவே மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பதில் எழுதுங்கள்

1. மலையில் நியூட்ரலில் ஏன் இறங்கக்கூடாது?

2. மேல் போல்ட்டை ஏன் முதலில் கழற்ற வேண்டும்?

3. உங்கள் வீட்டில் உள்ள எண்ணெய் அல்லது மருந்து டப்பா ஒன்றை எடுங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.