சந்தேகப்பட்டவரைத் தேடி வந்தவர்

கணவர் ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். செபமாலையைக் கையில் எடுத்தால் பத்து மணி தாண்டுவதற்குள் மனம் வெறுத்துப்போகிறது. கடவுள் இருக்கிறாரா என்றுகூடத் தோன்றுகிறது. என்னை அவர் தள்ளிவிடுவாரா?
– ஒரு வாசகி, வத்தலக்குண்டு

தள்ளமாட்டார், சகோதரி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

உயிர்த்த இயேசுவைப் பார்த்தோம் என்று மற்றச் சீடர்கள் சொல்லியும், காயத்தைத் தொடாமல் நம்பமாட்டேன் என்றார் தோமையார். எட்டு நாள் கழித்து இயேசு அவருக்காகவே வந்து, காயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தத் தோமையார்தான் சென்னை பரங்கிமலையில் உயிர் கொடுத்தார் என்பது நம் மரபு. சந்தேகம் தீராத நாளிலும் அவர் சீடர்களோடுதான் இருந்தார். அவர்களும் அவரை ஒதுக்கவில்லை.

அன்னை தெரேசாவும் பல்லாண்டுகள் உள்ளத்தில் இருளைச் சுமந்தவர். 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களில் அந்த வேதனை தெரிகிறது. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

முழுச் செபமாலை முடியாத நாளில் ஒரு மணி போதும். அதுவும் வராவிட்டால், நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பனைப்போல, நம்பிக்கை போதவில்லை, அதற்கும் உதவும் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை குணமானான்.

பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கணவருக்கு வீட்டிலேயே நற்கருணை தரச் சொல்லுங்கள். அன்பியத்தில் ஒருவரைச் சற்று நேரம் துணைக்கு வைத்துவிட்டு, நீங்கள் தூங்குங்கள். ஓராண்டாக நோயாளிக்குப் பணிவிடை செய்யும் உங்களைக் கடவுள் ஒருபோதும் கைவிடமாட்டார்.