சபைக்கு ரெட்ரோ விருந்து: முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

ரெட்ரோ விருந்து என்றதும் கடைகளில் கிடைப்பவை எல்விஸ் படமும் புள்ளி போட்ட கவுனும் டிஸ்கோ உருண்டையும்தான். தெலுக் பங்லிமா காராங், கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ச் சபைக்கு அவை யாருடைய நினைவும் அல்ல. கேரித் தீவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் விடியுமுன் பிரட்டுக்குப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இங்கே மூத்தோர். அவர்களுடைய காலத்தை எடுத்துக்கொண்டால் விருந்தை அவர்களே நடத்துவார்கள். எல்விஸையும் டிஸ்கோவையும் எடுத்தால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆகவே முதல் வேலை ஆண்டுகளைக் குறிப்பது. 1957 முதல் 1975 வரை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது மலாயா விடுதலை பெற்ற ஆண்டு, இரண்டாவது ரிங்கிட் என்ற பெயர் அதிகாரபூர்வமான ஆண்டு. இடையில், 1963 டிசம்பர் 28-இல் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன் மாலைப்பொழுது வானொலியுடையது. கத்தோலிக்கப் பங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையொட்டி (1962–65) லத்தீன் திருப்பலி தமிழுக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். அந்த மாற்றத்தைக் கண்டவர்களைப் பேசச் சொல்லுங்கள். லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் கீபோர்டு இல்லாமல், பெரியவர்களின் பழைய மெட்டில் பாடலாம்.

அடுத்தது புகைப்படங்கள். விருந்தின் உயிரே இதுதான் என்பதால் ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். இளையோர் வீடு வீடாகப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படமெடுத்து, அசலை அங்கேயே திருப்பித் தர வேண்டும். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். இப்படி உட்கார்ந்து பேசும்போதே பாதி விருந்து நடந்துவிடுகிறது. காட்சிக்கு வைக்குமுன் குடும்பத்தாரின் சம்மதம் அவசியம்.

சாப்பாட்டுக்கு மங்கில் தேத்தண்ணி, வடை, கேசரி, கச்சாங் பூத்தே போதும். உடைக்காகச் செலவு வேண்டாம். அலமாரியில் இருக்கும் பழைய வேட்டியும் சேலையும் வரட்டும். மாலை ஐந்துக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்தால் வயதானவர்கள் இருட்டில் வெகுநேரம் அலைய வேண்டியதில்லை.

லயத்து வீடும் அற்பக் கூலியும் கொண்டாட வேண்டியவையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1969-இல் வேலை உரிமம் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தமிழர் பலர் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் குடும்பத்தாரும் இந்தப் படங்களில் இருப்பார்கள். எனவே பால்மரம் வெட்டும் வேடத்தில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, பட்ட கஷ்டத்தைப் பெரியவர்கள் சொல்ல அரைமணி நேரம் ஒதுக்குங்கள்; ஒலிவாங்கியை அவசரப்படுத்திப் பிடுங்காதீர்கள். பழைய சினிமாப் பாட்டுகளையும் சேர்த்தால், ஆலயத்தில் சினிமாப் பாட்டா என்ற தயக்கமும் எழும். வழிபாட்டு இடத்தைத் தவிர்த்து மண்டபத்தில் வையுங்கள், பாடல் பட்டியலைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்னதாகக் காட்டிவிடுங்கள். அந்தத் தயக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விருந்தை ஆகஸ்ட் 31-இல் வைக்கலாம்; அன்று பொது விடுமுறை என்பதால் வெளியூர்ப் பிள்ளைகளும் வர முடியும். விருந்து முடிந்த வாரமே படங்களின் ஒரு நகலை அந்தந்தக் குடும்பத்துக்கும், பெயர்க் குறிப்புகளுடன் இன்னொன்றை ஆலய அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.