கொழுப்பு உறைக்குள் ஒரு மருந்து



2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது ஞாபகம் இருக்கா? சர்க்கரை நோயாளிகளைத்தான் அது அதிகம் தாக்கியது. அதற்கான ஊசி கிடைக்காமல் பல குடும்பங்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தன.

மருந்தின் பெயர் ஆம்போடெரிசின் பி. பழைய வகை, பூஞ்சையைக் கொல்லும். கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். புது வகையில் அதே மருந்தை நுண்ணிய கொழுப்பு உருண்டையின் உறையில் பதித்து வைத்திருக்காங்க. தலைமுடி பருமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த உருண்டை! சிறுநீரகத்துக்குப் பாதிப்பு குறைவு. விலைதான் பல மடங்கு.

இந்தக் கொழுப்புக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை சேராது. (பாத்திரம் கழுவும் சோப்பும் இப்படித்தான்.) தண்ணீரில் போட்டால் தானாகவே உருண்டையாகிவிடும். 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் என்ற விஞ்ஞானி இதைக் கண்டறிந்தார். 2020-ல் வந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசியிலும் கொழுப்பு உறை உண்டு. நம்ம ஊரில் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் அந்த வகை இல்லை.

முக்கியமான விஷயம்: பெயரில் 'லிபோசோமல்' என்று இருந்தால்தான் அது உறை போட்ட வகை. அதன் அளவு அதிகம். அதே அளவில் பழைய வகையை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. கடையில் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீங்க. சீட்டையும் குப்பியையும் டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டிக் கேளுங்க.